கேமராவின் உள்ளே வைத்த பொட்டு

நாயகம்,

பார்சலைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு. நீ பார்சலைத்தான் முதலில் பிரிப்பாய், எனக்குத் தெரியும். தீபாவளிச் சட்டையைத் தையற்கடையிலேயே பிரித்துப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்து வந்த பிள்ளைதானே நீ. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேமராக்காரரைப் பார்க்கப் போகிறேன் என்றாய். கம்பெனி கொடுத்த தீபாவளி போனஸ் மொத்தத்தையும் அவர் கையில் வைத்துவிட்டு, யாரோ பயன்படுத்திய ஒரு பிலிம் கேமராவை வாங்கி வரப் போகிறாய். அதற்கு முன் நான் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். போனில் சொல்லத்தான் இரண்டு தடவை வாயெடுத்தேன். முதல் தடவை, "சாப்ட்டியா?" என்று கேட்டேன். இரண்டாவது தடவை, "அங்க மழை உண்டா?" என்று கேட்டேன். "என்னம்மா, என்னமோ சொல்ல வந்த மாதிரி இருக்கு" என்றாய். "ஒண்ணுமில்ல மக்கா, வச்சிருதேன்" என்று வைத்துவிட்டேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் வைத்துவிட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தப் பேச்சை நீ முதலில் எடுத்தது ஆவணி மாதம். "எம்மா, இந்தத் தடவ போனஸ்ல ஒரு பிலிம் கேமரா வாங்கலாம்னு இருக்கேன். அங்க அலமாரில கெடக்கே பழைய கறுப்புக் கேமரா, அத இரும்புக்காரன்ட்ட போட்டுரு. வெளிச்சம் கசியுற கேமரா, எதுக்கும் ஆவாது" என்றாய். அன்றைக்கே மூன்று கேமராக்களின் படத்தை எனக்கு அனுப்பினாய். ஒன்று சட்டைப் பைக்குள் போகிற அளவில் வெள்ளி நிறத்தில் மினுக்கியது. இன்னொன்று கனமானது, வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்கிறது என்று கீழே எழுதியிருந்தது. மூன்றாவது விலை குறைவு, ஆனால் லென்ஸ் இல்லை. நீ மினுக்குகிறதைத்தான் குறி வைத்திருந்தாய். விலையைப் பார்த்து எனக்கு மூச்சே நின்றது. போனிலேயே படம் எடுக்கிற காலத்தில் எதற்குலே இது என்று கேட்டேன். "போன்ல ஆயிரம் எடுப்பேன், ஒண்ணையும் பார்க்க மாட்டேன். ரோல்ல முப்பத்தாறுதான். பார்த்துப் பார்த்து எடுப்பேன்மா" என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடித்துப் போனது. இருபத்தாறு வருஷமாக விசைத்தறிக் கூடத்தில் சேலையைப் பார்த்து மடிக்கிறவள் நான். ஒரு சேலை என் கையில் ஒரு தடவைதான் விரியும். அந்த ஒரு தடவையில் பழுதைப் பிடிக்கவில்லை என்றால் அது மதுரைக் கடைக்குப் போய்த் திரும்பி வரும். ஒரு தடவைதான் என்றால் கண் தானாக நிற்கும். ஆக, பிலிம் எதற்கு என்று அதற்குப் பிறகு நான் உன்னிடம் கேட்கவில்லை.

ஆனால் இரும்புக்காரனுக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. எனக்கு ஒரு வியாதி உண்டு என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு பொருள் கெட்டால் ஏன் கெட்டது என்று பார்க்காமல் என்னால் தூக்கிப் போட முடியாது. மிக்ஸியைப் பிரித்துப் போட்டு, மூடத் தெரியாமல் இரண்டு நாள் அம்மியில் அரைத்தது உனக்கு நினைவிருக்கும். இந்தக் கேமராவைப் பொறுத்தவரை வேறொரு காரணமும் இருந்தது. அது ஏன் கெட்டது என்று எனக்கு நான்கு வருஷமாக ஒரு சந்தேகம். சந்தேகம் என்று சொல்வதே கூசுகிறது.

நீ மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கல்லூரி முடித்த வருஷம் தென்காசியில் ஒரு ஸ்டுடியோக்காரர் கடையைக் காலி செய்தபோது அந்தக் கறுப்புக் கேமராவை நீ வாங்கி வந்தாய். எத்தனை படம் எடுத்தோம் என்று காட்டுகிற முள் வாங்கும்போதே ஓடவில்லை. அதனால் ஒரு குட்டி நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொள்வாய். சென்னையில் ஒரு வருஷப் படப்பிடிப்புப் பயிற்சி, பிலிமில் எடுத்த பத்துப் படம் அனுப்ப வேண்டும், ஐப்பசிக்குள் அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். ஆடித் தபசுத் திருவிழா அன்று காலையிலிருந்து கூட்டத்துக்குள் கிடந்தாய். சனங்கள் சப்பரத்தின் மேல் பருத்தியும் மிளகாய் வத்தலும் வீசுகிற நேரத்தில் யாரோ ஒருவர் தோளில் ஏறி நின்று எடுத்ததாக வந்து சொன்னாய். நோட்டில் முப்பது கோடு. இன்னும் ஆறு மிச்சம். கழுவக் கொடுத்துவிடேன்லே என்றேன். "ஆறு படத்த வீணாக்கவா? ரோல் என்ன வெல தெரியுமா?" என்றாய். கையில் காசு இல்லாத பிள்ளையின் சிக்கனம். அந்த ஆறுக்காகத்தான் ரோல் கேமராவுக்குள்ளேயே சரஸ்வதி பூஜை வரைக்கும் இருந்தது.

பூஜை அன்று நீ பொரி கடலை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாய். முற்றத்தில் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்திருந்தேன். அப்பாவின் ஸ்பேனர், தறி நாடா, என் கத்தரிக்கோல், தையல் மிஷின், கிரைண்டர். "அவன் கேமராவுக்கும் ஒரு பொட்டு வையிட்டி. தொர இப்ப அதத்தான தொழிலுங்கான்" என்றார் அப்பா. கேலியாகத்தான் சொன்னார். நான் கேலியாக வைக்கவில்லை. உண்மையாகவே வேண்டிக்கொண்டுதான் எடுத்தேன். ஓரத்தில் இருந்த குமிழைத் துணியால் துடைத்தபோது அது மேலே எழும்பி, பின்கதவு டப்பென்று திறந்துகொண்டது. தானாகத் திறந்தது, அதை நான் சாமி முன்னால்கூடச் சொல்வேன். ஆனால் திறந்ததும் மூடினேனா? இல்லை. உள்ளே புளியங்கொட்டை நிறத்தில் பளபளவென்று ஒரு பட்டை இருந்தது. இதில்தான் படம் ஒட்டிக்கொள்கிறதா என்று வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அப்புறம் ஒரு யோசனை. பீரோவுக்கு வெளியே ஒரு பொட்டு வைத்தால் உள்தட்டுக்கும் ஒன்று வைப்பேன். தையல் மிஷினைச் சாய்த்து அடியில் ஒன்று வைப்பேன். வேலை நடக்கிறது உள்ளே, வெளியே மட்டும் வைத்தால் எப்படி? பட்டையில் பட்டுவிடக் கூடாது என்று ரொம்பக் கவனமாக, கதவின் உள்பக்கம் கீழ் மூலையில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு மூடினேன். நீ வந்து பொரியை நீட்டினாய். வாங்கி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். வெளிச்சம் பட்டால் பிலிம் போய்விடும் என்று அப்போது எனக்குத் தெரியாது, அதை மட்டும் நம்பு.

இரண்டு நாள் கழித்துத் தறிக்கூடத்துக்கு வந்து மிச்சம் ஆறையும் எடுத்து முடித்தாய். ரோலைச் சென்னைக்கு அனுப்பினாய். கழுவி வந்த நெகட்டிவை நீ ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது உன் முகம் போன போக்கை நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். கரி பூசியது போலக் கறுப்பு. தபசுப் படம் எல்லாம் போயிற்று, கூடத்துக்குள் எடுத்த ஆறு மட்டும் நின்றது. "வெயில்ல எடுத்தது பூரா போச்சு, உள்ள எடுத்தது நின்னுட்டு. அப்ப கேமரால எங்கயோ ஓட்டை, வெயில் கசியுது" என்று நீயே முடிவு கட்டினாய். காரணம் பொருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் பின்கதவைத் திறந்து என்னிடம் காட்டினாய். "பாரும்மா, உள்ள துரு வேற ஏறியிருக்கு" என்று நகத்தால் சுரண்டினாய்.

நான் பார்த்தேன். அது துரு இல்லை என்று எனக்குத் தெரியும். என் கை வைத்த பொட்டு எனக்குத் தெரியாதா?

வாயைத் திறக்கவில்லை நாயகம். அரை நிமிஷம் திறந்ததில் முப்பது படமும் போய்விடுமா, அவன்தான் ஓட்டை என்கிறானே என்று மனசுக்குள் நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். மீதியையும் எழுதிவிடுகிறேன், இனி எதை மறைத்து என்ன ஆகப் போகிறது. நீ அந்தப் பயிற்சிக்குப் போக முடியாது என்றானதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. படம் எடுத்து எப்படிப் பிழைப்பான், யார் பெண் கொடுப்பார்கள் என்று அப்பாவும் நானும் நீ இல்லாத நேரமெல்லாம் பேசியிருந்தோம். அடுத்த மாதம் சென்னைக் கம்பெனி வேலைக்கான கடிதம் வந்தபோது கோமதியம்மனுக்கு மாவிளக்குப் போட்டேன். நீ பையில் துணி அடுக்கும்போது, "எனக்கு இது சரிப்படாதும்மா. ஒரு கேமராகூட பார்த்து வாங்கத் தெரியல" என்றாய். அதைக் கேட்டும் பேசாமல் உனக்குத் துண்டு மடித்துக் கொடுத்தேன். உன் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, நீ பார்த்துத்தான் வாங்கியிருந்தாய் என்று சொல்ல வேண்டிய இடம் அது.

ஆவணியில் நீ இரும்புக்காரனுக்குப் போடச் சொன்ன மறுநாள் அலமாரியைத் திறந்தேன். கரண்ட் அட்டைக்கு அடியில் அந்த நெகட்டிவ் உறை இருந்தது. தறிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய், மத்தியானச் சாப்பாட்டு வேளையில், சேலையைப் பார்க்கிற அதே ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. பழுது ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு தறியில். ஒரே ஒரு இடத்தில் வந்து நின்றுவிட்டால் தறியைத் திட்டக் கூடாது, அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். உன் நெகட்டிவில் பழுது திரும்பத் திரும்ப வரவில்லை. முதல் நான்கு படத்தில் ஓரம் மட்டும் கறுத்திருந்தது. போகப் போகக் கறுப்பு ஏறி, முப்பதாவதில் முழுக்க இருட்டு. முப்பத்தொன்றில் ஒரு ஓரம், அதற்குப் பிறகு சுத்தம். மடித்து அடுக்கிய சேலைக் கட்டின் மேல் காபி கொட்டினால் இப்படித்தான் இருக்கும். மேல் மடிப்பு முழுக்க நனையும், உள்ளே போகப் போக ஓரம் மட்டும். பிலிம் உள்ளே சுருட்டிக்கொண்டுதானே போகிறது? முதலில் எடுத்தது உள்சுற்று, கடைசியில் எடுத்தது வெளிச்சுற்று, எடுக்காதது இன்னும் டப்பிக்குள். அந்த முதல் நான்கும் நீ வெயிலில் எடுத்ததுதான், அன்றைய துக்கத்தில் நீ கவனிக்கவில்லை. கேமரா கசிந்திருந்தால் அதுவும் அல்லவா போயிருக்க வேண்டும்?

இருந்தாலும் ஒரு பழுதை என் பேரில் எழுதுவதற்கு முன்னால் தறியையும் ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்து, ஆதார் லாமினேஷன் போடுகிற ஸ்டுடியோ அண்ணாச்சி ஒருவர் இருக்கிறாரே, அவரிடம் கேமராவைக் கொண்டு போனேன். அவர் பிலிமைத் தொட்டுப் பல வருஷம் ஆயிற்றாம். எந்தக் குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்பதிலேயே எங்கள் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். "அண்ணாச்சி, இதுல ஓட்டை இருக்கா, இல்லையா?" என்றேன். "பார்த்தா தெரியாது தங்கச்சி. கதவு ஓரத்துல வெளிச்சம் தடுக்குற பஞ்சு பிசுபிசுன்னு ஆயிருக்கு. ஆனா ஒழுகுதானு சொல்லணும்னா ரோல் போட்டுப் பார்க்கணும்" என்றார். "மீட்டரு செத்திருக்கே?" என்றேன். சிரித்துவிட்டார். "சங்கரன்கோயில் வெயிலுக்கு மீட்டரு எதுக்கு? லென்ஸ பதினாறுல வையி. ரோல் மேல என்ன நம்பர் போட்டுருக்கோ, வேகத்த அதுக்குப் பக்கத்துல வையி. அம்புட்டுதான்."

என்னோடு மடிக்கிற செல்வியை உனக்குத் தெரியுமே, அவள்தான் போனில் ஒரு கறுப்பு வெள்ளை ரோல் வரவழைத்துக் கொடுத்தாள். எனக்கு மூன்று நாள் கூலி. பஞ்சை மாற்றவில்லை, எதையும் தொடவில்லை, கேமரா நான்கு வருஷத்துக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே ரோலைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் மோர் மிளகாயும் கூழ் வத்தலும் காயப் போட்டிருந்தேன். பக்கத்திலேயே கேமராவையும் வைத்தேன். ஒரு படம் எடுப்பது, பத்து நிமிஷம் வெயிலில் கிடத்துவது, புரட்டிப் போடுவது, அடுத்த படம். அப்பா மேலே வந்து பார்த்தார். "என்னட்டி இது? கேமராவையும் வத்தல் போடுதியா?" என்றார். "காக்கா வருதானு பாருங்க, போதும்" என்றேன். முப்பத்தாறும் முடிய இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. என் முகம் கறுத்ததுதான் மிச்சம் என்று அப்பா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

கழுவி வந்த நெகட்டிவை அதே ஜன்னலில் பிடித்தேன். நெகட்டிவ் எப்படிப் பார்ப்பது என்று செல்வி ஒரு வழி காட்டினாள். ஒரு போனில் வெறும் வெள்ளைத் திரையை வைத்து, அதன் மேல் பட்டையைப் போட்டு, இன்னொரு போனில் நிறத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தால் படமாகத் தெரிகிறது. முப்பத்தாறும் வத்தல். "எக்கா, ஒரு மனுஷ மக்கள் இல்லையே" என்றாள். வத்தலின் குழல் குழலான ஓட்டைகூடத் தெரிகிறது, தண்ணீர்த் தொட்டியின் நிழல் கோடு கிழித்தது மாதிரி விழுந்திருக்கிறது. முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை ஒரு பொட்டுக் கறை இல்லை. அங்கேயே சேலைக் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதேன். செல்வி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கேமரா நல்ல கேமரா. கெடுத்தது நான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "பொட்டு வையின்னு நாந்தான சொன்னேன்" என்றார். பிறகு, "தெறக்கச் சொல்லல" என்றார். அப்புறம் கேமராவைக் கேட்டு வாங்கி, வேகத்தை ஒன்றில் வைத்து அழுத்தி, உள்ளங்கையில் அந்த அதிர்வைப் பார்த்தார். தறிச் சத்தத்தில் அவர் காது போய் வருஷமாகிவிட்டது, கையால்தான் கேட்கிறார். எல்லா எண்ணிலும் மாற்றி மாற்றி அழுத்தினார். "அடி சீரா விழுது. நல்லா ஓடுத மெஷினு" என்றார். உன் அப்பா ஒரு கேமராவைப் பற்றி நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இனி நான் சொல்வது வாங்குகிற விஷயம். முடிவு உன்னுடையது. நீ குறி வைத்திருக்கிற அந்த மினுக்குக் கேமராவின் படத்தை ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் காட்டினேன். "உள்ள பூரா கரண்ட்ல ஓடுறது. செத்தா செத்ததுதான், கைவைக்க ஆள் இல்ல" என்றார். பார்சலில் வைத்திருக்கிற உன் கறுப்புக் கேமரா பேட்டரி இல்லாமலே அடிக்கிறது. நம் பொருள் என்பதற்காகக் குறையை மறைக்க மாட்டேன், ஒரு தடவை மறைத்தது போதும். எண் காட்டும் முள் ஓடாது, நோட்டில் கோடுதான் போட வேண்டும். மீட்டர் கிடையாது. வெயிலில் அண்ணாச்சி சொன்ன பதினாறு போதும், வீட்டுக்குள் எடுக்க வெளிச்சம் அளக்கிற ஆப் போனிலேயே சும்மா கிடைக்கிறது என்று செல்வி போட்டுக் காட்டினாள். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு பூஞ்சை இழை தெரியும். படத்தில் விழவில்லை, ஆனால் வளரும். சென்னையில் யாரிடமாவது கொடுத்துச் சுத்தம் செய். பிசுபிசுத்த பஞ்சை, சோதித்துப் பார்த்த பிறகு, தீக்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன வைத்திருக்கிறேன் தெரியுமா? தறியில் கறுப்புக் கரைக்கு ஓடுகிற நூல். நான்கு இழையை முறுக்கிப் பள்ளத்தில் ஒட்டிவிட்டேன். நாங்கள் நெய்கிற சேலையில் வெளிச்சம் தெரியும், இந்தக் கதவில் தெரியாது, பார்த்துக்கொள்.

கேமரா என்பது பெரும்பாலும் ஒரு இருட்டுப் பெட்டிதான் என்று இந்த இரண்டு மாதத்தில் எனக்குப் புரிந்திருக்கிறது. படம் வருவது லென்ஸ் வழியாக, தங்குவது ரோலில். பெட்டிக்கே போனஸ் எல்லாம் போய்விட்டால் ரோலுக்கும் கழுவுகிற கூலிக்கும் மாதாமாதம் என்ன செய்வாய்? ரோல் வாங்கக் காசில்லாமல் ஆறு படத்தை மிச்சம் பிடிப்பாய். ஒரு மிச்சம் பிடித்ததற்கே நம் வீட்டில் என்ன ஆயிற்று என்று பார்த்தாயா? அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் எண்ணாமல் எடு. கைக்கு எது குறைகிறது என்று அப்போது உனக்கே தெரியும். இன்னொரு லென்ஸா, வேறு கேமராவா, அன்றைக்கு வாங்கு. இவ்வளவுக்குப் பிறகும் மினுக்குகிறதுதான் வேண்டும் என்றால் வாங்கிக்கொள். ஆனால் கறுப்புக் கேமரா மோசம் என்று நினைத்து வாங்காதே, உனக்குப் பார்த்து வாங்கத் தெரியாது என்று நினைத்தும் வாங்காதே. இரண்டும் பொய். அந்தப் பொய்யை நான்கு வருஷம் உன்னிடம் இருக்க விட்டது நான். அந்தப் பயிற்சி இப்போதும் நடக்கிறதா, இருபத்தேழு வயதில் சேர்ப்பார்களா, எனக்குத் தெரியாது. செல்வி தேடிப் பார்க்கிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். அது நீ தேட வேண்டியது. உனக்கு இப்போது அந்த ஆசை இல்லையென்றாலும் சரி. இருந்தால் இந்தத் தடவை நான் நிம்மதிப்பட மாட்டேன், பயப்படுவேன், அவ்வளவுதான். பயந்தால் பயந்துவிட்டுப் போகிறேன்.

இன்னொன்று. அந்தப் பழைய ரோலின் கடைசி ஆறு படத்தை நீ ஒரு நாளும் பார்க்கவில்லை. தபசுப் படம் போன துக்கத்தில் அதை உறையோடு போட்டுவிட்டாய். செல்வியின் போனில் நான் பார்த்தேன். இரண்டு ஆடிப் போயிருக்கின்றன. மூன்றில் அப்பா தறிக்குப் பக்கத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிறார். கடைசிப் படத்தில் நான் ஜன்னலோரம் ஒரு சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கிறேன். துணி வழியாக என் முகம் தெரிகிறது. கண்ணை இடுக்கி, உதட்டைக் கடித்து, எங்கே பழுது எங்கே பழுது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். "வேலை நேரத்துல என்னலே" என்று அன்றைக்கு உன்னை விரட்டினேன். இருபத்தாறு வருஷம் நான் வேலை செய்கிற முகத்தை நான் பார்த்ததே இல்லை. என் பிள்ளைக்கு இப்படிப் பார்க்கத் தெரியும் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் அந்த மாவிளக்கை வேறு எதற்காவது போட்டிருப்பேன்.

இதைப் படித்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. திட்ட வேண்டும் என்றால் திட்டு, நான் மழையைப் பற்றிக் கேட்க மாட்டேன். ஒரு வாரம் பேச மனசில்லை என்றால் சாப்பிட்டேன் என்று மட்டும் அப்பாவுக்குச் சொல்லிவிடு.

பார்சலில் இரண்டு புது ரோல் தனியாக வைத்திருக்கிறேன். கேமராவுக்குள் எதுவும் போடவில்லை, அதனால் பயப்படாமல் பின்கதவைத் திறந்து பார். பஞ்சை எடுத்து நூல் வைத்தேன், தூசி தட்டினேன், லென்ஸைத் துடைத்தேன். கீழ் மூலையில் இருக்கிறதை மட்டும் நான் தொடவில்லை. நீ நகத்தால் சுரண்டிய கோடும் அப்படியே இருக்கிறது. துடைக்கிறதா, வைத்துக்கொள்கிறதா, நீயே பார்த்துக்கொள் மக்கா.

உன் அம்மா